5,000 ரூபாய், 12 வாரம்: மாணவர் தொழிலுக்கு எது தோது?

தொழில்முனைவுப் பாடத்துக்காக ஒரு சின்னத் தொழிலை நடத்திக் காட்டச் சொன்னால், நான்கு பேர் குழு முதலில் கேட்பது ‘எதில் லாபம் அதிகம்?’ என்றுதான். பாதிக் குழுக்கள் காளானில் போய் விழுவது இந்தக் கேள்வியால்தான். பருவத்தேர்வுக்கு முன் கிடைப்பது 12 வாரம். ஆளுக்கு 1,250 போட்டால் கையில் 5,000 ரூபாய். இந்த வரம்புக்குள் கேட்க வேண்டியது வேறு: போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பக் கைக்கு வரும்? 12 வாரத்தில் எத்தனை சுற்று ஓட்டலாம்? இந்தச் சுற்றில் செய்த தவறை அடுத்த சுற்றில் திருத்த நாள் மிஞ்சுமா?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அடிக்கடி பேச்சில் அடிபடும் நான்கு தொழில்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்: சுண்டல், பாத்திரம் கழுவும் திரவம், துணிப்பை, சிப்பிக் காளான். கீழே வரும் விலைகள் கணக்குப் போடுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே தள்ளிவைக்க வேண்டிய இரண்டு

கையால் செய்யும் குளியல் சோப்பு எல்லோருக்கும் பிடிக்கும். காணொளிகளும் ஏராளம். ஆனால் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். அதைத் தயாரித்து விற்க 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். இதைக் காணொளிகள் சொல்வதில்லை. உரிமத்தை விட்டாலும் நாள் கணக்கு உதைக்கிறது. குளிர்முறையில் ஊற்றிய சோப்பு பதமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காஸ்டிக் சோடா அளவு தவறியது தெரியவரும்போது பருவத்தில் பாதி போயிருக்கும். ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம், விற்பதற்கு வேண்டாம்.

மொத்தக் கடையில் பொம்மை, கைப்பேசி உறை என்று வாங்கி வந்து விற்பதைக் கேவலமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் வாங்கும் அதே கடையில்தான் கல்லூரி வாசல் பெட்டிக்கடைக்காரரும் வாங்குகிறார், உங்களைவிட அதிக அளவில், குறைந்த விலைக்கு.

சுண்டல்: நாளுக்கு ஒரு சுற்று

நான்கில் பணம் மிக விரைவாகத் திரும்புவது இதில்தான். காலையில் போட்ட 305 ரூபாய் மதியத்துக்குள் 500க்கு மேலாகித் திரும்பலாம், அல்லது 200 ஆகச் சுருங்கலாம். எப்படியும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

30 தொன்னைக்கு அளவு: கருப்புக் கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ (150 ரூபாய்), தேங்காய் ஒன்று (40), எண்ணெய், கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்து 35, மாங்காய் 15, எரிபொருள் 20, தொன்னை 30 (45). ஆக 305 ரூபாய். ஒரு கிலோ காய்ந்த கடலை ஊறி வெந்தபின் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். தொன்னைக்கு 100 கிராம் போட்டால் 30 தொன்னை தாராளமாகத் தேறும். தொன்னை 20 ரூபாய் என்றால் 16 விற்றதும் முதல் வந்துவிடும். நான்கு மீந்து 26 விற்றால் 520 வரும், கையில் நிற்பது 215.

முதல் நாள் பெரும்பாலான குழுக்கள் மாட்டிக்கொள்வது குக்கரில். ஒன்றரைக் கிலோ கடலை ஊறியபின் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இடத்தை அடைக்கும். பருப்பு, பயறு வகைகளுக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. தோலும் நுரையும் ஏறி விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். வீட்டிலிருக்கும் ஐந்து லிட்டர் குக்கரில் இதை இரண்டு முறை வேகவைக்க வேண்டும். பத்து லிட்டர் குக்கர் கடன் கிடைத்தால் ஒரே முறை. இதை முன்கூட்டிப் பார்க்காத குழு காலை ஏழரைக்கு இரண்டாவது ஈடு ஏற்றிவிட்டுப் பேருந்தைத் தவறவிடும்.

இன்னொன்று நேரம். சுண்டல் என்றால் மாலை நாலு மணி என்று நினைப்போம். காலையில் வேகவைத்து மாலை வரை வைத்திருந்தால், வெயில் காலத்தில் தேங்காய் போட்ட சுண்டல் புளித்துவிடும். மாணவர்களுக்கு ஏற்றது காலை இடைவேளை. முந்தின இரவு பத்து மணிக்கு ஊறவையுங்கள். வெக்கையான நாளில் தண்ணீரை ஒருமுறை மாற்றாவிட்டால் காலையில் நுரை கட்டி வாடை வரும். ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றி, நாலைந்து விசில் வந்ததும் இறக்கி வடித்துத் தாளியுங்கள். சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் தோல் கழன்று குழைந்துவிடும். தாளித்த சுண்டலைச் சூட்டோடு தூக்கில் போட்டு மூடாதீர்கள். மூடியில் ஆவி நீராகி உள்ளே சொட்டும், கெட்டுப்போக முதல் காரணம் அதுதான். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். துருவிய தேங்காயை வறட்டுச் சட்டியில் ஈரம் போக ஒரு நிமிடம் புரட்டி, தனி டப்பாவில் எடுத்துச் சென்று, விற்கும் இடத்தில் மாங்காயோடு கலக்கலாம். மதிய இடைவேளையில் மீதியை விற்று முடியுங்கள். ஒரு மணிக்கு மேல் இருப்பதை விற்க வேண்டாம்.

இடைவேளை 20 நிமிடம்தான். 30 பேருக்குக் கொடுக்க ஆளுக்கு 40 நொடி. நின்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் வரிசை கலைந்துவிடும். மணி அடிப்பதற்குள் 15 தொன்னையாவது நிரப்பி வைத்திருக்க வேண்டும். ஒருவர் கரண்டி பிடிக்க, மற்றவர் காசு வாங்க. கரண்டி பிடிப்பவர் காசைத் தொடவே கூடாது.

அனுமதி இரண்டு இடத்தில் தேவை. ஒன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் சிறு உணவு வணிகருக்கான பதிவு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். மற்றது கல்லூரி முதல்வரின் எழுத்துமூல அனுமதி. பெரும்பாலும் சிக்கல் வருவது இரண்டாவதில். உணவகத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஒப்பந்தத்தில் வளாகத்துக்குள் வேறு யாரும் உணவு விற்கக் கூடாது என்று இருக்கலாம். இதைக் கடலை வாங்குவதற்கு முன் கேளுங்கள். மறுத்தால் இந்தத் தொழிலை அங்கேயே விட்டுவிடலாம். வாசலுக்கு வெளியே சாலையோரம் விற்பது வேறு அனுமதி, வேறு தகராறு.

வாரத்துக்கு நான்கு நாள், விடுமுறையும் உள்தேர்வும் கழித்தால் 12 வாரத்தில் ஏறத்தாழ 40 சுற்று. ஒரே சுண்டலுக்கு இரண்டாவது வாரமே கூட்டம் குறையும். பட்டாணி, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று மாற்றுங்கள். பச்சைப்பயறு மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் குழையும். ஒரு விசில் போதும்.

பாத்திரம் கழுவும் திரவம்: திரும்ப வாங்குகிறார்களா?

இது குளியல் சோப்பைப் போல அழகுசாதன விதிக்குள் வராது. ஆனால் லேபிளில் ‘கிருமிநாசினி’ என்றோ ‘கிருமிகளைக் கொல்லும்’ என்றோ எழுதினால் மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும். பினாயில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பத்து லிட்டருக்கு: பிசுக்கை எடுத்து நுரை தரும் எஸ்.எல்.இ.எஸ். பசை, 70 சதவீதம், 1.2 கிலோ (144 ரூபாய்), நுரைக்குத் துணையாகக் கோகோ பீட்டெய்ன் 300 கிராம் (40), கல்லுப்பு 200 கிராம் (5), கெடாமல் இருக்கச் சோடியம் பென்சோயேட் 40 கிராம் (20), சிட்ரிக் அமிலம் சிறிது (5), எலுமிச்சை வாசனை 30 மில்லி (40), நிறம் (5), மீதி ஆர்.ஓ. தண்ணீர் (10). திரவத்துக்கு மட்டும் 269 ரூபாய். அரை லிட்டர் பாட்டில் 20க்கு 180, லேபிளுக்கு 60. ஆக 509, பாட்டிலுக்கு ஏறத்தாழ 25.50. 50 ரூபாய்க்கு விற்றால் சுற்றுக்கு 491 மிஞ்சும்.

பசை கடையிலிருந்து வரும்போது வெண்மையாக, வாஸ்லின் மாதிரி இருக்கும். அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் இளகாமல் இன்னும் இறுகி, கட்டி கட்டியாக நின்றுவிடும். பாதி நீர்த்த நிலையில் எஸ்.எல்.இ.எஸ். கூழாக இறுகுவது அதன் இயல்பு. அதனால் முறையை மாற்றுங்கள். வாளியில் ஏழு லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் முதலில் பென்சோயேட்டைக் கரைத்து, பிறகு பசையைக் கைப்பிடி அளவாக (கையுறையோடு) உள்ளே விட்டு, மரக்கட்டையால் மெதுவாகக் கலக்குங்கள். முழுதும் கரைய ஒரு மணி நேரம் ஆகலாம். இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் கலக்கினால் வேலை பாதி. மத்தோ மிக்சியோ எடுத்தால் வாளி முழுக்க நுரைதான் மிஞ்சும்.

அடுத்து பீட்டெய்ன், நிறம், வாசனை. பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 5 முதல் 5.5க்குள் கொண்டுவாருங்கள். பென்சோயேட் அமிலத்தன்மையில்தான் வேலை செய்யும். இதைச் செய்யாத திரவம் சில வாரத்தில் கலங்கி வாடை அடிக்கும். 4க்குக் கீழே இறங்கவும் கூடாது, எஸ்.எல்.இ.எஸ். சிதையத் தொடங்கும்.

உப்பு கடைசியில். திரவம் கெட்டிப்படுவது உப்பால்தான், ஆனால் ஓர் அளவு வரைக்கும்தான். அதைத் தாண்டினால் மறுபடி தண்ணீராகிவிடும். அப்போது ‘இன்னும் கெட்டியாகவில்லையே’ என்று மேலும் உப்பைக் கொட்டுவார்கள். பத்து லிட்டரும் போச்சு. உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 50 மில்லி விடுவது, கலக்குவது, இரண்டு நிமிடம் பொறுப்பது என்று போங்கள். தேன் பதம் வந்ததும் உப்பு மீந்திருந்தாலும் நிறுத்திவிட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து லிட்டராக்குங்கள். கடைசித் தண்ணீருக்குக் கொஞ்சம் இளகும் என்பதால் ஒரு நூல் கெட்டியாகவே நிறுத்தலாம். வாசனையை மாற்றினால் பதமும் மாறும். புது வாசனையை 200 மில்லியில் சோதித்துவிட்டுச் சேருங்கள்.

இந்தத் தொழிலின் உண்மையான பாடம் பாட்டிலில் இருக்கிறது. பாட்டிலும் லேபிளும் 12 ரூபாய், உள்ளே இருக்கும் திரவம் 13.45. இரண்டாம் முறை வாங்குபவர் பழைய பாட்டிலைக் கொண்டுவந்தால் 40 ரூபாய்க்கு ஊற்றிக் கொடுங்கள். புதுப் பாட்டிலில் மிஞ்சுவது 24.55, மறுநிரப்பில் 26.55. பத்து ரூபாய் குறைத்து விற்றும் இரண்டு ரூபாய் கூடுதல். ஊற்றிக் கொடுக்க முத்திரையிட்ட அளவை வேண்டும். அடைத்து விற்கும் பாட்டிலில் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல எண் எல்லாம் இருக்க வேண்டும்.

அரை லிட்டர் ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு வாரம் வரும். 12 வாரத்தில் அதே வீடு மூன்று முறை வாங்க வேண்டும். 20 வீட்டில் எத்தனை வீடு இரண்டாம் முறை வாங்கியது என்ற ஒரே எண் போதும், உங்கள் சரக்கு நல்லதா, முதல் தடவை தெரிந்த பிள்ளைகளாயிற்றே என்று வாங்கினார்களா என்பது வெளிச்சமாகிவிடும்.

துணிப்பை: ஆர்டர் இருந்தால் மட்டும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆகையால் துணிப்பைக்குத் தேவை இருக்கிறது என்று எல்லாக் குழுவும் அறிக்கையில் எழுதும். தேவை உண்மைதான். அதை நிரப்ப ஈரோட்டிலும் கரூரிலும் ஆயிரக்கணக்கில் தைக்கிறார்கள் என்பதும் உண்மை. சில்லறையில் அவர்கள் விலைக்கு உங்களால் இறங்க முடியாது. சின்ன எண்ணிக்கை, சொந்த அச்சு, குறித்த தேதி என்று கேட்பவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள்: துறைக் கருத்தரங்கு, கல்லூரி விழா, 50 பேர் வரும் வளைகாப்பின் தாம்பூலப் பை.

தையல் எந்திரம் யார் வீட்டிலாவது இருக்க வேண்டும். 5,000 ரூபாயில் எந்திரம் வாங்க நினைக்க வேண்டாம்.

35க்கு 40 செ.மீ. பைக்கு அடியில் மடிப்பு வருமாறு வெட்டினால், ஒரு துண்டு 38 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம். 48 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள காடாத் துணியில், அதாவது வெளுக்காத பருத்தித் துணியில், குறுக்கே மூன்று துண்டு வரும். 10 மீட்டரில் 11 வெட்டு, 33 பை. ஓரத்தில் மிஞ்சும் ஏழெட்டு செ.மீ. பட்டி வெட்டுக்கு ஒரு பைக்குத்தான் கைப்பிடி தரும். அதனால் பருத்தி நாடாவைத் தனியாக வாங்கிவிடுங்கள், பைக்கு ஒரு மீட்டர். துணி 600, நாடா 132, நூல் 30, அச்சுக்கூலி பைக்கு 6 வீதம் 198. ஆக 960, பை 29 ரூபாய். அச்சுச் சட்டம் செய்ய ஒருமுறை 400. பை 50 என்றால் 1,650 வரும். சட்டச் செலவும் போனால் முதல் சுற்றில் மிஞ்சுவது 290தான், அடுத்த சுற்றில் அதே அச்சு என்றால் 690.

துணிக்கடையில் அளவு நாடாவோடு போங்கள். 48 என்று சொல்லிக் கொடுப்பது 44 ஆக இருந்தால் மூன்றாவது துண்டு இரண்டு செ.மீ. குறைந்து, வெட்டுக்கு இரண்டு பைதான் தேறும். பையின் அடக்கவிலை ஒரே அடியாக ஏறும். காடா துவைத்தால் சுருங்கும் துணி என்பதால் ஒரு முழத்தை நனைத்துக் காயவைத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். கைப்பிடியை ஒற்றைத் தையலில் விடாமல், சதுரம் அடித்துக் குறுக்கே பெருக்கல் குறி போல ஓட்டுங்கள். முதல் பையில் ஐந்து கிலோ அரிசி போட்டு ஒரு மணி நேரம் ஆணியில் தொங்கவிட்டால் எந்த இடம் இளகும் என்று தெரியும். முன்பணம் பாதி வாங்காமல் துணியை வெட்டாதீர்கள். கருத்தரங்கு தள்ளிப்போனால், அந்தத் தேதி அச்சிட்ட பை வீட்டில் காய்கறி வாங்கத்தான் ஆகும்.

காளான்: பருவம் பார்த்து

குறை சொல்வதற்கு முன் ஒன்று: படுக்கையில் முதல் மொட்டு எட்டிப் பார்க்கும் காலையைப் போல வேறெந்தத் தொழிலும் ஒரு குழுவைக் கட்டிப்போடாது. உயிரியல், வேளாண்மை மாணவர்களுக்குப் படிப்போடும் ஒட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சியும் விதையும் கிடைக்கும். கணக்குதான் இடிக்கிறது.

பத்துப் படுக்கைக்கு: காய்ந்த வைக்கோல் 10 கிலோ (100 ரூபாய்), காளான் விதை (தானியத்தில் வளர்த்த காளான் இழை) ஐந்து பை, இரண்டு படுக்கைக்கு ஒன்று வீதம் (250), 60க்கு 30 செ.மீ. பாலித்தீன் பை (40), விறகு (150), பொட்டலச் செலவு (100). ஆக 640. சாக்கு, உறி கட்டக் கயிறு, கைத்தெளிப்பான், வெப்ப-ஈரப்பதமானி என்று ஒருமுறைச் செலவு 680.

வைக்கோல் பொன்னிறமாக, மழையில் நனையாததாக இருக்க வேண்டும். ஐந்து செ.மீ. துண்டுகளாக வெட்டி நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை வேகவையுங்கள். பார்மலின் கலந்த முறையும் உண்டு. மாணவர்கள் கையில் அது வேண்டாம். வெந்ததைச் சுத்தமான இடத்தில் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். எப்போது போதும்? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது, ஆனால் விரித்த உள்ளங்கை ஈரமாக இருக்க வேண்டும். காளானில் பாதித் தோல்வி இந்த ஒரு பிடியில்தான். சொட்டினால் அடிப்பகுதி அழுகிப் பச்சைப் பூசணம் பிடிக்கும்.

பையில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஓரமாக விதை, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்கு. கையை அழுத்தி இடைவெளி இல்லாமல் நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் இரண்டு துளை. 15 முதல் 20 நாள் இருட்டான, வெப்பம் 25 டிகிரியை ஒட்டிய அறையில். முழுக்க வெள்ளை படர்ந்தபின் பையைக் கிழித்து, ஈரச்சாக்கு கட்டிய அறைக்கு மாற்றித் தினம் இரண்டு வேளை தெளிக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் மொட்டு கருகும். ஈரத்தைக் காக்கிறோம் என்று அறையை இறுக மூடினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும், காற்று கேட்கிறது என்று அர்த்தம். பச்சைத் திட்டு தெரிந்த படுக்கையை அறைக்குள் வைத்துப் பிரிக்காமல் அப்படியே வெளியே எடுத்துப் புதைத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அறுவடை அறைக்குள் போக வேண்டாம். குடை விரிந்து ஓரம் மேலே சுருளும் நேரத்தில் வித்துத்தூள் ஏராளமாகப் பறக்கும்.

மூன்று அறுவடை முடிய ஏறத்தாழ 45 நாள். புதுக்கை என்றால் இரண்டு படுக்கை கெட்டுப்போகும், மீதி எட்டில் அரைக் கிலோ வீதம் நான்கு கிலோ. கிலோ 200க்கு 800 ரூபாய். சுற்றுச் செலவு போக மிச்சம் 160. சாக்கும் தெளிப்பானும் வாங்கிய காசே இன்னும் திரும்பவில்லை. பத்தும் தப்பி 700 கிராம் வீதம் வந்தால் 760 மிஞ்சும், ஆனால் அது இரண்டாம் மூன்றாம் சுற்றில் வரும் கை. 12 வாரத்தில் இரண்டாம் சுற்றே முழுதாக முடியாது.

விற்பனையிலும் ஒரு இடி. முதல் அறுவடையில்தான் மொத்த விளைச்சலில் பெரும்பகுதி, அதுவும் இரண்டு மூன்று நாளில் சேர்ந்து வரும். சாதாரண வெப்பத்தில் ஒரு நாள் தாங்கும், குளிர்பெட்டியில் மூன்று நாள். பையைக் கிழிக்கும் அன்றே வாங்குபவர் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டும். பறிப்பதற்கு முந்தைய மாலை தெளிப்பதை நிறுத்துங்கள், நனைந்த காளான் சீக்கிரம் கொழகொழக்கும்.

சமவெளியில் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் காளான் எடுக்கலாம். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் இரண்டாம் சுற்று மார்ச் வெயிலில் மாட்டும். விடுதி மாணவர்கள் மட்டும் உள்ள குழு எந்தப் பருவத்திலும் எடுக்க வேண்டாம். தீபாவளிக்கு நான்கு பேரும் ஊருக்குப் போனால் தெளிக்க ஆளிருக்காது.

மணிக்கு எவ்வளவு?

கூலி போடாத கணக்கில் எல்லாத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும். மிச்சத்தை உழைத்த மணியால் வகுத்துப் பாருங்கள். சுண்டலுக்கு நாளொன்றுக்கு எல்லோர் நேரமும் சேர்த்து மூன்றரை மணி, மணிக்கு 60 ரூபாய். திரவத்துக்குக் கலப்பது, நிரப்புவது, வீடு வீடாகப் போவது எல்லாம் எட்டு மணி, அதுவும் 60ஐ ஒட்டித்தான். பைக்கு வெட்ட, தைக்க, அலைய 14 மணி, சட்டச் செலவு இல்லாத சுற்றில் மணிக்கு 50. காளானுக்குப் படுக்கை போட எட்டு மணி, பிறகு தினம் 20 நிமிடம் வீதம் 45 நாள், ஆக 23 மணி. முதல் சுற்றில் மணிக்கு ஏழு ரூபாய், நன்றாக விளைந்தால் 33.

எதை எடுத்தாலும் காசு கசியும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘நாளைக்குத் தரேன்டா’. வகுப்புத் தோழர்களுக்கு முதல் நாளே கடன் இல்லை என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டால் முகம் பார்க்க வேண்டியதில்லை. மற்றது கியூ.ஆர். குறியீடு. ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் பணம் போகும், அதிலேயே அவர் கைப்பேசிக்கும் ரீசார்ஜ் செய்வார், மாதக் கடைசியில் எது தொழில் பணம் என்று தெரியாது. அன்றன்று மாலை கணக்கில் வந்ததைப் பார்த்து நோட்டில் எழுதி இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் தேர்வு

வளாக அனுமதி கிடைத்தால் சுண்டல். 5,000ஐயும் அதில் போடத் தேவையில்லை. பதிவு, தொன்னைக் கட்டு, பலகை, மூன்று நாள் சரக்கு எல்லாம் 1,400க்குள் அடங்கும். மூன்றாம் வாரம் கை பழகியதும், ஞாயிற்றுக்கிழமை பத்து லிட்டர் திரவம் கலந்து 20 வீட்டுக்குக் கொடுங்கள். அதற்கு 700 ஒதுக்கினால் வீணாகும் முதல் வாளிக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அனுமதி இல்லையென்றால் திரவத்திலிருந்தே தொடங்கலாம். பைக்கு ஆர்டர் வந்தால் எடுங்கள், வராவிட்டால் தேடி அலைய வேண்டாம். காளான்தான் வேண்டும் என்று குழுவில் ஒருவர் பிடிவாதமாக இருந்தால், வீட்டில் நிழலான அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இரண்டே படுக்கை போடச் சொல்லுங்கள். ஒரு பை விதை, இரண்டு கிலோ வைக்கோல், 100 ரூபாய்க்குள் முடியும்.

தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு வெள்ளைத்தாளோடு இரண்டு வகுப்பறைக்குப் போய், திங்கட்கிழமை சுண்டல் வேண்டும் என்பவர்களிடம் பெயரோடு 20 ரூபாயும் வாங்குங்கள். ‘நல்ல ஐடியா’ என்று சொல்லிவிட்டுக் காசு தராதவரை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். 16 பெயர் தேறினால் ஞாயிறு இரவு ஒன்றரைக் கிலோ ஊறவையுங்கள். எட்டுதான் தேறியது என்றால் முக்கால் கிலோ.